நான்கு படிப்பு மாணவர்களை ஒரே வீட்டுக்கு அனுப்புவது எப்படி? (வேலூர் மாவட்டக் களப்பயிற்சி)

பொன்னையாறு:

வணக்கம். காட்பாடி தாலுகாவில் ஒரு துணை சுகாதார நிலையப் பகுதியில் அடுத்த பருவம் கூட்டுக் களப்பயிற்சி தொடங்க வேண்டும். எம்.பி.பி.எஸ். 24 பேர், பி.எஸ்சி. நர்சிங் ஐந்தாம் செமஸ்டர் 24 பேர், பிசியோதெரபி 12 பேர், எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி) 12 பேர், ஆக 72 பேர். நர்சிங் பக்கப் பொறுப்பு என்னுடையது. ஆறு அமர்வு கிடைத்திருக்கிறது, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம்.

இப்போது நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். திங்கட்கிழமை நர்சிங் மாணவி போய்க் குடும்ப ஃபோல்டர் எழுதுவாள். வியாழக்கிழமை மெடிக்கல் மாணவர் அதே வீட்டுக்குப் போய் அதே கேள்விகளைக் கேட்பார். வீட்டுக்காரம்மா, "திங்கக்கிழமைதான் ஒரு பொண்ணு வந்து எல்லாம் எழுதிக்கினு போச்சே" என்பார். சேர்த்து அனுப்பினால் இது தீரும் என்கிறது நிர்வாகம். சேர்த்து அனுப்பினால் ஆறு பேர் திண்ணையில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஃபார்ம் நிரப்புவார்கள் என்று நான் பயப்படுகிறேன்.

கேட்க விரும்புவது: ஒரு வீட்டுக்கு எத்தனை பேர்? வீடுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதல் விசிட்டில் என்ன செய்யலாம், என்ன கூடாது? மார்க் எப்படிப் போடுவது? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள். கொள்கை விளக்கம் வேண்டாம், அது பி.பி.டி.யாகவே நிறைய இருக்கிறது.

---

காட்பாடி ஜங்ஷன்:

உங்கள் பயம் நியாயம்தான். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் கொடுத்த வரையறையை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: வெவ்வேறு தொழிலைச் சேர்ந்தவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவர் சேர்ந்தும் கற்க வேண்டும். ஒரே பஸ்ஸில் ஏற்றி அனுப்பினால் கடைசி ஒன்று அரைகுறையாக நடக்கும். முதல் இரண்டும் தொடங்கவே தொடங்காது.

அதனால் முதல் வேலையாக நான்கு துறை ஃபார்ம்களையும் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். வீட்டுக்கு ஒரே தாள். ஏ3 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கும். முன்பக்கம் குடும்ப வரைபடமும் வீட்டின் தரைப்படமும். உள்ளே இடதுபுறம் பார்த்ததும் கேட்டதும். வலதுபுறம் மூன்று பிரச்சினைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே யார், என்ன செய்வார், எந்தத் தேதிக்குள். பின்பக்கம் ஒப்படைப்புக் குறிப்பு. இடதுபுறப் பக்கத்தில் 'மருத்துவம்', 'செவிலியம்' என்று கட்டம் போட்டுவிடாதீர்கள். கட்டம் போட்டால் நான்கு ஃபார்மைப் பசை போட்டு ஒட்டிய கதைதான்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். 72 பேரை 12 குழுவாக்குங்கள்: மெடிக்கல் 2, நர்சிங் 2, பிசியோ 1, சமூகப்பணி 1. ஆனால் ஆறு பேர் ஒன்றாக எந்த வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது. இங்கே பல வீடுகளில் முன்னறை பத்துக்குப் பத்து அடி. ஆறு பேர் உட்கார்ந்தால் வீட்டுக்காரர் வெளியே நிற்பார். குழுவை இரண்டு மூவராகப் பிரியுங்கள். ஒரு மூவரில் மெடிக்கல், நர்சிங், பிசியோ. இன்னொன்றில் மெடிக்கல், நர்சிங், சமூகப்பணி. மூவருக்கு இரண்டு வீடு, குழுவுக்கு நான்கு, மொத்தம் 48 வீடு. படுக்கையில் இருப்பவரோ நடக்கத் தடுமாறுபவரோ உள்ள வீடு பிசியோ இருக்கும் மூவருக்கு. பென்ஷன் நின்றுபோனது, குடி, தனியாக இருக்கும் முதியவர் போன்றவை சமூகப்பணி இருக்கும் மூவருக்கு. ஒரு மூவரில் இல்லாத துறையின் ஆலோசனையைக் குழுக் கூட்டத்தில் கேட்டுத்தான் பெற வேண்டும். அப்படி வாய் திறந்து கேட்க வைப்பதற்காகவே இந்தப் பிரிப்பு.

வீட்டுத் தேர்வில்தான் எல்லாரும் சறுக்குவது. பஸ் கோயில் பக்கத்தில் நிற்கும், மாணவர்கள் அதைச் சுற்றி இருக்கிற இரண்டு தெருவோடு திரும்பிவிடுவார்கள், காலனி விட்டுப்போகும். ஊருக்கு இத்தனை, காலனிக்கு இத்தனை என்று குடும்ப எண்ணிக்கை விகிதத்தில் முன்கூட்டியே பிரித்து எழுதிவிட்டு, அதற்குள் தேர்ந்தெடுங்கள். ஒரு குழுவின் நான்கு வீடும் ஒரே பக்கத்தில் இருக்கக் கூடாது. வகை என்று பார்த்தால் நீரிழிவோ ரத்தக் கொதிப்போ உள்ள முதியவர் வீடு ஒன்று, கர்ப்பிணி அல்லது கைக்குழந்தை வீடு ஒன்று, இயலாமை உள்ளவர் வீடு ஒன்று. நான்காவது, நோய் என்று எதுவும் பதிவில் இல்லாத வீடு. இந்த நான்காவதை யாரும் விரும்புவதில்லை. ஆனால் கண்டுபிடிக்கப்படாத பி.பி.யும், தள்ளிப்போட்ட கண் ஆபரேஷனும், பள்ளிக்கூடம் நின்றுவிட்ட பிள்ளையும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

அமர்வுகளை வாராவாரம் வைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வைத்தால் ஆறு அமர்வும் பதினோராம் வாரத்தில் முடியும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தவருக்கு பி.பி.யில் என்ன மாற்றம் என்று பார்க்க நான்கு வாரமாவது வேண்டும். ஆறே வாரத்தில் முடித்தால் மாணவர்கள் திட்டம் போட்டதை மட்டும் பார்ப்பார்கள், அது பலித்ததா என்று தெரியாமலே போவார்கள்.

நான் பிரிப்பது இப்படி. முதல் அமர்வு வளாகத்தில் ஒரு மணி நேரம், மீதி ஊரைச் சுற்றி நடப்பது: தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, அங்கன்வாடி, டாஸ்மாக், மெடிக்கல் ஷாப், கடைசி பஸ் எத்தனை மணிக்கு. இரண்டாவது, வீட்டில் முதல் சந்திப்பு. மூன்றாவது, அளவெடுப்பது. நான்காவதில் வீட்டுக்கே போகக் கூடாது, குழுக் கூட்டம் மட்டும். ஐந்தாவது, குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டத்தை ஒத்துக்கொள்வது. ஆறாவது, மறுபடி அளந்து பார்த்து, கிராம சுகாதார செவிலியரிடம் ஒப்படைப்பது. இந்தக் கணக்கில் திட்டத்துக்கும் மறு அளவுக்கும் நடுவே இரண்டு வாரம்தானே என்று கேட்பீர்கள். மாத்திரை விட்டுப்போன விஷயம் மட்டும் மூன்றாவது அமர்வில் தெரிந்த அன்றே சரிசெய்யத் தொடங்கலாம், கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். மூன்றிலிருந்து ஆறுக்கு ஆறு வாரம் இருக்கிறது.

முதல் சந்திப்பில் பி.பி. கருவியைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே கூடாது. எடுத்த நிமிஷம் வீடு முகாம் ஆகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள், மாணவருக்கும் அதுதான் வசதி, பேச வேண்டியதில்லை பாருங்கள். நாற்பது நிமிடம் பேச்சு, குடும்ப வரைபடம், வீட்டை ஒரு சுற்று. அவ்வளவுதான்.

குடும்ப வரைபடம் பற்றிக் கொஞ்சம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு என்பது எல்லோருக்கும் தெரியும். தாய்மாமனைக் கட்டிய வீடு வந்தால்தான் குழப்பம். மனைவி கணவனின் அக்காள் மகள். எனவே அவளை ஒரு வரிசை கீழே வைத்து, அங்கிருந்து மாமனுக்குச் சாய்வாக இரட்டைக் கோடு இழுக்க வேண்டும். மாணவர்கள் அவளைக் கணவனுக்குப் பக்கத்தில் ஒருமுறை, அக்காளுக்குக் கீழே ஒருமுறை என்று இரண்டு தடவை வரைவார்கள். அப்புறம் கணக்கு கெடும். கணவனின் தாயாருக்குச் சர்க்கரை இருந்தால் அது மனைவிக்கும் அம்மா வழிப் பாட்டியின் சர்க்கரை, அதாவது ஒரே ஆள். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நீரிழிவுப் பாட்டி என்று எழுதி வந்து நிற்பார்கள். பராமரிப்பிலும் இது உதைக்கும். மாமியாரோடு மனஸ்தாபம், பிரசவத்துக்குப் பாட்டி வீட்டுக்குப் போகப் போகிறாள் என்று தாளில் இருக்கும், இரண்டும் ஒரே வீடு என்பது யாருக்கும் தோன்றியிருக்காது.

கடைசியாக, உங்கள் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு என்.எம்.சி.யின் (தேசிய மருத்துவ ஆணையம்) குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் முதலாண்டிலிருந்தே வீடுகள் இருக்கும். அதே வீடுகளை இதற்கும் எடுத்துக்கொண்டால் நேரம் மிச்சம் என்று சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மெடிக்கல் மாணவர் வீட்டுக்காரர் மாதிரி நடந்துகொள்வார், மற்ற இருவரும் விருந்தாளி. மூவருக்கும் புது வீடு கொடுங்கள்.

---

துணை நிலையம்:

நான் கிராம சுகாதார செவிலியர் பக்கத்தில் இருந்து சொல்றேன். மேல சார் எழுதினது எல்லாம் சரி, நாள் நேரத்தைப் பத்தி யாரும் பேசலை.

புதன்கிழமை வராதீங்க, அன்னிக்கு தடுப்பூசி. செவ்வாய் பெரும்பாலான பி.எச்.சி.ல (ஆரம்ப சுகாதார நிலையம்) கர்ப்பிணி கிளினிக். வியாழன் இல்லன்னா வெள்ளி பாருங்க. ஆடி வெள்ளி மட்டும் ஆளே கிடைக்காது.

மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்தா பாதி வீடு பூட்டிக் கெடக்கும். நூறு நாள் வேலைக்குப் போனவங்க வந்து குளிச்சு சாப்பிட்டுப் படுத்திருப்பாங்க, எழுப்பினா பதில் எப்படி வரும்? நாலு மணில இருந்து ஆறரை வரைக்கும் நல்ல நேரம். பசங்களும் பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும். சித்திரை, வைகாசியில வேலூர் வெயிலுக்கு காலைல ஏழுல இருந்து ஒன்பதரை. பீடி சுத்தற வீடுன்னா எப்பவும் ஆள் இருக்கும், ஆனா கட்டு கணக்கு குடுக்கப் போற அன்னிக்கு மட்டும் பேச மாட்டாங்க. எந்த நாள்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. அவங்க இலையும் முறத்தையும் மடியில வெச்சுக்கினே பேசுவாங்க, அதை நிறுத்தச் சொல்லாதீங்க, அது கூலி. தை மாசம் எருது விடும் விழா எந்த ஊர்ல என்னிக்குன்னு பாருங்க. குடியாத்தம் பக்கம்னா வைகாசி 1 சிரசுத் திருவிழா, அந்த வாரமே விட்டுடுங்க.

இன்னொண்ணு. 48 வீட்டுக்கும் என்னையே கூட்டிக்கினு போய் காட்டச் சொன்னா என் வேலை நின்னுடும். முதல் அமர்வுல ஊரைச் சுத்தறப்போ நான் கூட வரேன், பஞ்சாயத்துத் தலைவர்கிட்டயும் சொல்லிடலாம். அதுக்கப்புறம் வீட்டு லிஸ்டை ரெண்டு காப்பி, ஒண்ணு எனக்கு, ஒண்ணு மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலருக்கு. லிஸ்டை நீங்க போடுங்க, ஆனா என்கிட்ட ஒரு தடவை காட்டிட்டுப் போடுங்க. சண்டை நடக்கிற வீடு, துக்க வீடு எதுன்னு உங்களுக்குத் தெரியாது. என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னா நான் எனக்கு சுலபமா இருக்கிற வீட்டைத்தான் குடுப்பேன், யாரா இருந்தாலும் அப்படித்தான்.

எடுத்த பி.பி., சுகர் எல்லாம் அன்னிக்கே தேதி போட்டு அவங்க நோட்டுல எழுதிக் குடுத்துட்டுப் போங்க. உங்க தாள்ல மட்டும் எழுதிக்கினு போனா, மாசம் மருந்து குடுக்க வரவங்க மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

---

நடைவண்டி:

பிசியோ பக்கத்தில் இருந்து சுருக்கமாக.

மூன்றாவது அமர்வில் அவரவர் கருவியை அவரவர் பிடித்தால் பழைய கதை. மாற்றிப் போடுங்கள். பி.பி.யை பிசியோ மாணவர் எடுக்கட்டும், நர்சிங் மாணவி பார்த்துத் திருத்தட்டும். எழுந்து நடக்கும் சோதனையை மெடிக்கல் மாணவர் செய்யட்டும், பிசியோ திருத்தட்டும். திருத்துபவர் மற்ற துறையாக இருக்கும்போதுதான் "உங்கள் வேலையில் இவ்வளவு இருக்கிறதா" என்ற எண்ணம் வரும்.

அந்த நடைச் சோதனை சுலபம் போலத் தெரியும், வீட்டில் செய்தால் நான்கு இடத்தில் தப்பாகும். நாற்காலியில் இருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து. முதல் தப்பு நாற்காலி: பிளாஸ்டிக் நாற்காலி சிமெண்ட் தரையில் வழுக்கும், முதுகுப்புறம் சுவரோடு ஒட்டி வையுங்கள். கட்டிலில் உட்கார வைத்து எழுப்பாதீர்கள், உயரம் வேறு, நேரம் ஒப்பிட முடியாது. இரண்டாவது தூரம்: உள்ளே 3 மீட்டர் நேராகக் கிடைக்காது, வாசற்படி தாண்ட வைத்துவிடுவார்கள். திண்ணையோரம் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வெளியே செய்யுங்கள். மூன்றாவது, வழக்கமாகப் போடும் செருப்போடு, தடி வைத்திருந்தால் தடியோடு. நான்காவது, "சீக்கிரம் பாட்டி, சீக்கிரம்" என்று கத்துவது. அவர் எப்போதும் நடக்கிற வேகம்தான் வேண்டும். ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே நடக்க வேண்டும், பிடிக்கக் கூடாது.

பி.பி.க்கும் இரண்டு வார்த்தை: ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கை நெஞ்சு உயரத்தில், கால் தரையில், இரண்டு தடவை எடுக்க வேண்டும். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தால் கால் தொங்கும். ஒல்லியான பாட்டிக்கும் பருமனான மருமகளுக்கும் ஒரே பட்டையைச் சுற்றாதீர்கள். சின்னப் பட்டையைப் பெரிய கையில் கட்டினால் இல்லாத ரத்தக் கொதிப்பு வந்துவிடும்.

---

பொன்னையாறு:

எல்லோருக்கும் நன்றி. வியாழன் 4 மணி என்று மாற்றிவிட்டேன், பஸ்தான் பேச வேண்டும். இரண்டு சந்தேகம் மிச்சம். ஒன்று, அந்த நான்காவது அமர்வுக் கூட்டம். மெடிக்கல் மாணவர் எழுந்து நின்று ஆங்கிலத்தில் கேஸ் பிரசன்ட் பண்ணுவார், என் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருப்பார்கள். அதை எப்படி உடைப்பது? இரண்டு, மார்க். தவிர, எங்களிடம் தமிழே தெரியாத கேரள, வடகிழக்கு மாணவர்கள் பலர் உண்டு.

---

களப்பணி செவிலி:

கூட்டத்தைத் தமிழில் நடத்துங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே அவிழும். தலைவரும் எழுதுபவரும் சீட்டுக் குலுக்கல். முதல் கூட்டத்துக்கு ஒரு விதி மட்டும்: தலைவர் மெடிக்கலாக இருக்கக் கூடாது, எழுதுபவர் நர்சிங்காக இருக்கக் கூடாது. பேச்சு எப்போதும் "அந்த வீட்டில் அவர்களுக்கு எது பெரிய பிரச்சினை என்று அவர்களே சொன்னார்கள்?" என்பதில் தொடங்க வேண்டும். நோயின் பெயரில் தொடங்கினால் பேச்சு ஒரு துறையிடம் போய்விடும், திரும்பி வராது.

ஒரு மாதிரி வீடு சொல்கிறேன், பயிற்சிக்கு இதை அப்படியே கொடுக்கலாம். 58 வயது ஆண், பக்கவாதம் வந்து நான்கு மாதம், வலது பக்கம் பலவீனம், பி.பி. 168/96. மனைவி பீடி சுற்றுகிறார். மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி. மகன் ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் ஷிப்ட் வேலை.

மெடிக்கல் மாணவர் முதலில் சொல்வது: பி.பி. கட்டுப்பாட்டில் இல்லை, இன்னொரு மாத்திரை சேர்க்க வேண்டும். இங்கே நிறுத்தி, மூன்றாவது அமர்வில் வீட்டில் மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்ததைச் சொல்லச் சொல்லுங்கள். பாயில் எல்லா அட்டையையும் பரப்பி எண்ணினால், மூன்று வாரத்துக்கு முன் கொடுத்த 30 மாத்திரையில் 9 இருக்க வேண்டும், 19 இருக்கிறது. அதாவது 21 நாளில் 11 தான் உள்ளே போயிருக்கிறது. பக்கத்திலேயே தனியார் டாக்டர் எழுதிய வேறு கம்பெனிப் பெயரில் அதே பி.பி. மாத்திரை (அம்லோடிபின்) ஒரு அட்டை. சில நாள் இரண்டும், பல நாள் ஒன்றுமில்லை. புது மாத்திரைக்கு அவசரமே இல்லை என்பது இப்போது மெடிக்கல் மாணவருக்கே தெரியும். ஏன் விட்டுப்போகிறது? மாத்திரை டப்பா பரண் மேல், அவர் கை எட்டாது. எடுத்துத் தர வேண்டியவர் காலையில் இலை வெட்டும் வேலையில் இருக்கிறார். இதைக் கண்டுபிடிப்பது வீட்டைச் சுற்றிப் பார்த்த பிசியோ மாணவர், எந்த உயரத்தில் எது இருக்கிறது என்று அவர்தான் கவனிப்பார். மருந்தின் அளவை மாணவர்கள் யாரும் தொடக் கூடாது, இரட்டை அட்டை பற்றிய முடிவு பி.எச்.சி. மருத்துவருடையது. ஆனால் டப்பாவைக் கீழே இறக்கி, காலை டீ டம்ளர் பக்கத்தில் வைப்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

உப்பையும் கணக்காகவே கேட்கச் சொல்லுங்கள். "உப்பு குறைவாத்தான் போடறோம்" என்ற பதில் எதற்கும் உதவாது. ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாள் வரும், எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்? நான்கு பேருக்கு 25 நாள் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். ஊறுகாய் போட்ட மாதமா, வடகம் போட்ட மாதமா என்று கேட்டுக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வீட்டில் குடும்பம் சொன்ன பெரிய பிரச்சினை இது எதுவும் இல்லை: கழிப்பறைக்கு அவரைத் தூக்கிப் போக ஆள் இல்லை, மருமகள் தாங்கிப் பிடிக்கிறாள். ஆறு மாத வயிற்றோடு. அதுதான் தாளில் முதல் வரி. படியோரம் கைப்பிடிக் குழாய், பலமான பக்கமாக எழுந்திருக்கப் பழக்குவது பிசியோ மாணவர் பொறுப்பு. கர்ப்பிணியின் எடை, ஹீமோகுளோபின், இரும்புச்சத்து மாத்திரை நர்சிங். அங்கேயும் மீதி மாத்திரையை எண்ணட்டும், ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு என்னென்ன சான்று வேண்டும் என்பதை இந்த மூவர் இன்னொரு மூவரிலுள்ள சமூகப்பணி மாணவரிடம் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. 'குழு' என்று பெயர் எழுதியிருந்தால் அந்த வரியை அடியுங்கள், யாரும் செய்யப் போவதில்லை.

ஒப்படைப்பை வாயால் சொல்லிப் பழக்குங்கள், இரண்டு நிமிடம், தாளைப் பார்க்காமல். யார், இப்போது என்ன நிலை. பின்னணி. எங்களுக்கு என்ன தோன்றுகிறது. உங்களிடம் என்ன கேட்கிறோம். நான்காவதைத்தான் எல்லோரும் விழுங்குவார்கள். நிலைமையை எல்லாம் விவரித்துவிட்டு "அவ்வளவுதான் சார்" என்று நிற்பார்கள்.

மொழி: தமிழ் தெரியாதவரைத் தெரிந்தவரோடு சேர்ப்பது சரி, ஆனால் தமிழ் தெரிந்த ஒரே பிள்ளை நர்சிங் மாணவியாக இருந்தால் பயிற்சி முழுக்க அவள் மொழிபெயர்ப்பாளராகவே கழிந்துவிடும். மூவரில் இருவருக்காவது தமிழ் தெரிய வேண்டும். மொழிபெயர்க்கும்போது இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சொல்ல வேண்டும். பாட்டி ஐந்து நிமிடம் பேசியதை "அவங்களுக்கு முட்டிவலி" என்று முடித்தால் அந்த ஐந்து நிமிடமும் போச்சு. தமிழ் தெரியாதவர் முதல் அமர்வுக்குள் பத்துப் பதினைந்து வரி மனப்பாடமாகச் சொல்லட்டும், "உள்ள வரலாமா அம்மா" என்பது அதில் முதல் வரி.

மார்க்: 50 வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தாள் 15, மூவருக்கும் ஒரே மார்க். ஒப்படைப்பு 15, தனித்தனியே, யார் பேசுவது என்று அங்கேயே குலுக்கல். கூட்டத்தில் நடந்துகொண்டது 10, ஆசிரியர் பார்த்துப் போடுவது. தோழர் மதிப்பீடு 10. இந்தக் கடைசியில் எல்லோரும் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போடுவார்கள். அதைத் தடுக்க, 100 புள்ளியைத் தன்னைத் தவிர்த்த மற்ற இருவருக்கும் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், 50-50 கூடாது. கூடவே இருவரிடமிருந்தும் கற்ற ஒரு விஷயம், ஒரு வரி. "டீம் வொர்க் கற்றேன்" என்று எழுதியிருந்தால் சுழியம். ஒரு மூவருக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர் தன் துறை மாணவரை மட்டும் மதிப்பிட்டால் மறுபடியும் நான்கு கல்லூரிதான். ஆறு ஆசிரியர் இருந்தால் ஆளுக்கு நான்கு மூவர், அதில் எல்லாத் துறையும் வரும்படி பாருங்கள்.

ஒரு சொல்: வேலூரில் பல படிப்பு மாணவர்களையும் சேர்த்து கிராமத்தில் தங்க வைக்கும் வழக்கம் பழையது. கே.வி. குப்பத்தில் சி.எம்.சி.யின் கிராம சுகாதார, சமூகப்பணி மையமான ரூஹ்சா 1977-இலிருந்து இருக்கிறது. எனவே "இதெல்லாம் இங்கே நடக்குமா" என்று கேட்கும் நிர்வாகத்துக்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம்.

---

சமூகப்பணி மேசை:

தாளில் எழுதாத ஒன்று: வாக்குறுதி. மாணவர்கள் பரிதாபப்பட்டு "ஆபரேஷன் ஃப்ரீயா பண்ணித் தரோம்", "பென்ஷன் வாங்கித் தரோம்" என்று சொல்லிவிடுவார்கள். அடுத்த வருடம் வரும் மாணவர் மேல்தான் அந்தக் கோபம் விழும். "விசாரிச்சுச் சொல்றோம், இந்தத் தேதிக்குள்ள" என்பதோடு நிற்க வேண்டும், அந்தத் தேதியில் இல்லை என்றாவது சொல்ல வேண்டும்.

போட்டோ வேண்டவே வேண்டாம். குடும்பத் தாளில் பெயருக்குப் பதில் வீட்டு எண் குறியீடு. மாணவர் வாட்ஸ்அப் குரூப்பில் தாளைப் படம் எடுத்துப் போடுவதுதான் அதிகம் நடக்கும் கசிவு, முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒப்புதல் ஒருமுறை வாங்கினால் போதாது, ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று கேட்க வேண்டும். "இன்னிக்கு வேணாம்" என்றால் திரும்பி வந்துவிட வேண்டும், அதற்கு மார்க் குறையாது என்று மாணவருக்கு எழுதியே கொடுங்கள்.

கைக்கு அடக்கமாக ஒரு அட்டை எல்லோர் பையிலும் இருக்கட்டும். பி.பி. 180/110-க்கு மேல்: சில நிமிடம் விட்டு மறுபடி எடுக்கவும், அதே அளவு என்றால் அன்றே பி.எச்.சி., நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கை கால் மரத்துப்போவதோ இருந்தால் 108. கர்ப்பிணிக்கு 140/90 என்றாலே அன்றே காட்ட வேண்டும், தலைவலி, கண் மங்கல் சேர்ந்தால் 108. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே, நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில், 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கவும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் குழந்தைக்கு மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் அன்றே சொல்லவும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை.

அடி உதை, குழந்தைத் திருமணம், சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் மாணவர் அங்கே பஞ்சாயத்து பேசக் கூடாது, எல்லார் முன்னாலும் மேற்கொண்டு கேட்கவும் கூடாது. அந்த நபரைத் தனியே விடாமல், அப்போதே ஆசிரியருக்கு போன். அட்டையின் பின்பக்கம்: பெண்கள் உதவி 181, குழந்தைகள் 1098, மனநலம் 14416, மருத்துவ ஆலோசனை 104. இந்த எண்களைப் பெண்ணின் கையில் தாளாகக் கொடுக்காதீர்கள், வீட்டில் யார் கண்ணில் படும் என்று தெரியாது. வாயால் சொன்னால் போதும்.

---

பொன்னையாறு:

அட்டையை அப்படியே அச்சடிக்கிறேன். 48 வீட்டு லிஸ்டை ஊர், காலனி பிரித்துப் போட்டு செவிலியரிடம் காட்டப் போகிறேன். கடைசி அமர்வில் அவர் 24 மூவரையும் ஒரே நாளில் கேட்க முடியாது, அதை எப்படிச் சமாளிப்பது?

---

துணை நிலையம்:

எல்லாத்தையும் கேட்க வேணாம். வாய்ப் பயிற்சி, மார்க் எல்லாம் உங்க ஆசிரியருங்க முன்னாடி வெச்சுக்கோங்க. எனக்கு வீட்டுக்கு ஒரு தாளோட பின்பக்கம் போதும். அதுல அவசரமா பாக்க வேண்டிய வீட்டை மட்டும் மேல வெச்சு அடுக்குங்க, ஒரு அஞ்சாறு இருக்கும். அந்த மூவர் மட்டும் என்கூட வீட்டுக்கு வந்து, அவங்க முன்னாடியே "இனிமே சிஸ்டர்தான் பாப்பாங்க, நாங்க இதைச் சொல்லி இருக்கோம்"னு சொல்லட்டும். மத்த வீட்டுக்கு அவங்களே போய்ச் சொல்லிட்டு வரலாம். பின்பக்கத்துல என் போன் நம்பருக்கு இடம் விடுங்க, பல ஃபார்ம்ல அது மட்டும் இருக்கிறதில்ல.